ஒரு விரல் மெழுகு

வெண்கல வில்லைகள் இரண்டு தந்தார்கள்.
ஒன்றின் நடுத்தண்டில் துளை உண்டு: தண்டனை.
மற்றதில் இல்லை: விடுதலை.
இரு விரலால் தண்டின் முனைகளை மூடிப் பிடித்தால்
பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது.
பிடித்திருப்பவனுக்குத் தெரியும்.
அதுதான் சிக்கல்.

ஐந்நூற்றொரு பேர் நாங்கள்.
இருட்டோடு வந்து பலகையில் இடம் பிடித்தோம்,
மாலையில் கிடைக்கும் மூன்று ஓபோல் காசுக்கு.
இடப்பக்கம் வெங்காயம் மென்றபடி எர்கோபிலோஸ்.
வலப்பக்கம் காது மந்தமான ஒரு கப்பல் தச்சன்,
"என்ன சொல்கிறான்?" என்று
என் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

எதிரே நௌசிமெனெஸ்.
அறுந்த செருப்பு வாரைக் கயிற்றால் முடிந்திருந்தான்.
மகன்களைக் கெடுத்தான் என்பது வழக்கு.
வழக்குத் தொடுத்தவன் கையை வீசிப் பேசினான்:
"இந்த நகரத்தில் ஓர் எண்ணெய் வியாபாரி. பெயர் வேண்டாம்.
அவன் மகன் இந்த மனிதனிடம் மூன்று மாதம் போய்வந்தான்.
நான்காம் மாதம்
பெற்ற தகப்பனின் அளவுப்படியைத் தூக்கிக்கொண்டு
சந்தை அதிகாரியிடம் போனான்!"
சபை ஓவென்று சிரித்தது.
நானும் சிரித்தேன்.

அந்த வியாபாரி நான்.

படியின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மெழுகு.
என் அப்பா வைத்தது, நான் சுரண்டாமல் விட்டேன்,
அவ்வளவுதான் என்று பத்து வருடம்
எனக்கே சொல்லிவந்தேன்,
இரண்டு தடவை நானே உருக்கி ஊற்றியதைக்
கணக்கில் சேர்க்காமல்.
அபராதம் கட்டிய இரவில் மகனிடம் கத்தினேன்:
"உனக்குப் படியளக்கிறவன் நான்!"
அவன் கேட்டான்:
"அதே படியாலா, அப்பா?"

நௌசிமெனெஸின் முறை.
பானையின் அடைப்பை எடுத்தார்கள்,
அவனுக்கான நேரம் ஒழுகத் தொடங்கியது.
"அந்தப் படி குறைந்ததா, இல்லையா?" என்றான்.
யாரும் வாய் திறக்கவில்லை.
ஐந்நூறு பேருக்குத் தெரியாது.

"சரியான அளவு எது என்று பையனைக் கேட்டேன்.
அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.
நீங்கள் தெரியும் என்று சத்தியம் செய்து அமர்ந்திருக்கிறீர்கள்.
தெரிந்தால் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன்,
கற்றுக்கொண்டவனைக் கொல்ல வேண்டியிராது.
தெரியாதென்றால்
என்னை எந்தப் படியால் அளப்பீர்கள்?"
பாதிப் பானை மிச்சம் இருந்தது.
"இதை அடுத்து வருகிறவனுக்குக் கொடுங்கள்"
என்று உட்கார்ந்துவிட்டான்.

தச்சன் தொடையைத் தட்டினான்.
"எண்ணெய் விலையைப் பற்றி" என்றேன்.

பகையில்லாமல் தீர்ப்பளிப்பேன் என்று
தெய்வங்களின் பெயரால் சொன்னவன் நான்.
துளையுள்ளதைப் போட்டால் அது பகை.
துளையற்றதைப் போட்டால்
பகையில்லை என்று காட்டிக்கொள்ளும் பகை.
எழுந்து நின்று "அந்தத் தகப்பன் நான்" என்றால்
பலகையை விட்டு இறக்குவார்கள்.
ஐந்நூறு பேர் மிஞ்சுவார்கள், சரிபாதியாகப் பிரிந்தால்
அவன் பிழைப்பான்,
என் மெழுகு ஊருக்கெல்லாம் தெரியும்.
எழுந்திருக்க முழங்கால் ஒருமுறை முயன்றது.
வரிசை நகர்ந்தது.

துளையுள்ளதைப் போட்டேன்.
இரண்டில் பொய் குறைந்தது அதுதான் என்று தோன்றியது.
இப்படிச் சொல்வதும்
அடியில் மெழுகு வைத்த சொல்தானோ என்னவோ.

இருநூற்று அறுபத்து மூன்று பேர் தண்டனை என்றார்கள்.
என் வில்லை இல்லாமலும் முடிவு அதேதான்.
ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

கடையில் மகன் புனலைக் கழுவிக்கொண்டிருந்தான்.
எதைப் போட்டாய் என்று அவன் கேட்கவில்லை.
விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருத்தி எண்ணெய்க்கு வந்தாள்.
முத்திரையிட்ட புதுப் படியை விளிம்புவரை நிரப்பி
மேலும் கொஞ்சம், கை தானாக, ஊற்றினேன்.
அவள் ஜாடியை மோந்து பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"ஏன்," என்றாள்,
"கெட்டுப்போய்விட்டதா?"